தாழ்ந்த குரல் ஆங்கிலம்

பத்திரிகை வேலையை விட்ட பிறகு திருவெறும்பூரில் ஒரு சிறிய புத்த விகாரையில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். பக்கத்துத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவர்களின் குடும்பங்கள் சில சேர்ந்து கட்டியது. ஒரு கூடம், சமையலறை, இரண்டு அறைகள், ஒரே ஒரு பிக்கு. அவரை எல்லோரும் பந்தே என்பார்கள். எனக்கு அங்கே இடமும் சாப்பாடும் உண்டு. பதிலுக்கு மாலையில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும்.

சும்மா உட்காரப் பழகலாம் என்றுதான் போனேன். அது வரவில்லை. கண்ணை மூடினால் தஞ்சாவூர் ரோட்டு லாரிகளின் ஹாரன் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். காலை மாற்றி மாற்றிப் போடுவேன். இருட்டத் தொடங்கினால் பத்திரிகையில் யாரோ நான் வைக்கும் செய்தித் தலைப்புக்காகப் பக்கத்தைத் திறந்து வைத்துக் காத்திருப்பதுபோல் விரல்கள் பரபரக்கும்.

வகுப்பு கூடத்தில்தான். பின்னறையில் யாராவது தியானத்தில் இருப்பார்கள் என்பதால் பந்தே ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: குரல் உயரக் கூடாது.

வந்தவர்களில் ஒரு அக்கா என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தில்லை நகரில் ஒரு மருத்துவமனை கேன்டீனில் டோக்கனை வாங்கி உள்ளே ஆர்டர் சொல்லும் வேலை. நாள் முழுக்க நின்றே செய்வது. கெண்டைக்காலில் நரம்புகள் சுருண்டு புடைத்திருந்தன. அதே மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள், இன்சூரன்ஸ் கம்பெனிகளோடு ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்.

“இங்கிலீஷ் மேல ஆசையெல்லாம் இல்லீங்க டீச்சர். அந்த நாற்காலி மேலதான்” என்றார் முதல் நாளே.

வேகமாகக் கற்றார். இன்டர்வியூ ஒரு சனிக்கிழமை நடந்தது. அன்று மாலை முகம் வாடி வந்தார்.

“கேக்கலை, சத்தமா சொல்லுங்கன்னாங்க. மூணாவது வாட்டி எனக்கே கேக்கலைங்க.”

தெரிந்த முகம் என்பதால் திங்கட்கிழமை இன்னொரு முறை வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் வாய்ப்பில்லை என்றும் சொல்லியிருந்தார்கள்.

சற்றுமுன் வாசலில் ஆட்டோக்காரரை இருக்கச் சொல்லி அக்கா போட்ட சத்தம் கூடத்துக்குள் கேட்டிருந்தது. இப்போது இன்டர்வியூவில் சொன்னதைச் சொல்லச் சொன்னேன், ஆங்கிலத்தில் வாயைத் திறந்தார். குரல் தரையோடு போயிற்று. மற்றவர்களையும் பேசச் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் அப்படித்தான். வார்த்தைகளோடு சேர்த்துக் கூடத்தின் அமைதியையும் கற்றுக்கொண்டிருந்தார்கள். நானும் மாதக்கணக்காகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு, பௌர்ணமி. விகாரையில் அன்று முழுக்க மௌனம். ஒரு மணி நேரம் மட்டும் விலக்குத் தர முடியுமா என்று பந்தேயிடம் கேட்டேன்.

“இங்க முடியாதுங்க. வெளில போய்ப் பேசுங்க. ஊர்ல சத்தத்துக்கா பஞ்சம்?”

வெளியே போக ஒரு காரணம் கிடைத்ததில் எனக்கு வெட்கமே இல்லாத சந்தோஷம்.

ஞாயிறு காலை அக்காவும் நானும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினோம். அவரை முன்சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு நான் கடைசி சீட்டுக்குப் போனேன். நான் நோயாளி, அவர் வரவேற்பு மேசை. எக்ஸ்ரே எங்கே எடுப்பது என்று ஆங்கிலத்தில் கத்திக் கேட்டேன். அவர் சொன்ன பதில் பக்கத்தில் துளசிக் கூடையோடு இருந்த அம்மாவைத் தாண்டவில்லை.

“அந்தப் பொண்ணு பின்னாடி உக்காந்து கேக்குது. நீ என் காதுல ரகசியம் சொல்றியே” என்றார் அந்த அம்மா.

காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. மறுபடி கேட்டேன். மறுபடி கிசுகிசுப்பு.

கண்டக்டர் என்னைப் பார்த்து, “எக்ஸ்ரே எடுத்தாதான் வண்டி நகரும் போல இருக்கு” என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து, கம்பியைப் பிடித்துத் திரும்பி, கேன்டீனில் மூன்று பொங்கல் இரண்டு வடை சொல்லும் அதே குரலில், முதல் மாடி, இடது பக்கம், லிஃப்டில் போங்கள் சார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். என்னைத்தான் சார் என்றார். பஸ் சிரித்தது, அவரும் சிரித்தார். பிறகு நடுசீட்டுப் பெரியவர் ஒருவர் சர்க்கரை டெஸ்ட் எங்கே என்று தமிழில் கேட்க, அதற்கும் ஆங்கிலத்தில் பதில் போயிற்று. ஸ்ரீரங்கத்தில் இறங்கிக் கோபுரத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதே பஸ்ஸில் திரும்பினோம். பாலம் வந்ததும் மறுபடி ஆரம்பித்தோம்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கூடத்தில் தியானத்தில் இருந்தோம். சமையலறை அலமாரியில் என் போன் அடித்தது. அணைக்க மறந்திருந்தேன். ஓடினேன்.

“டீச்சர், ஐ ஆம் சிட்டிங்” என்றார். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்களாம். அதையும் ஆங்கிலத்திலேயே கத்திச் சொன்னார்.

கூடத்தில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். யாரும் கண் திறக்கவில்லை. நான் திரும்பிப் போய் உட்காரவில்லை. சுருட்டி வைத்திருந்த வகுப்புப் பாய்களை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனேன். அன்று மாலை வகுப்பை அங்கே, ரோட்டைப் பார்த்தபடி நடத்தினேன். தூசி என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அதை ஆங்கிலத்தில், லாரிக்காரருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள் என்றேன்.