குசினிக்காரன் பார்த்த குழல்

பெரியகல்லாற்று வில்வராசா லேத்துப் பட்டறையில் தொழில் பழகியவன். சுனாமி அவன் பெண்சாதி கேதீஸ்வரியைக் கொண்டுபோனது. அவளை மண்ணில் தாட்ட மறுகிழமை, உப்புத் தண்ணீர் புகுந்த துப்பாக்கிகளைக் கழுவ இயக்கம் கூப்பிட்டது. போனான். வன்னி வரைக்கும் துவக்குத் திருத்திக்கொண்டே போனான்.

யுத்தம் முடிந்து சரணடைந்தபோது, சமையல் செய்த குசினிக்காரன் என்று தன்னைப் பதிந்தான். குசினிக்காரர்களைச் சீக்கிரம் விடுவார்கள் என்று கேள்வி. மகள் பிரஷாந்தி அவனுடைய தமக்கை வீட்டில் இருந்தாள்.

விசாரணையில், தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் மேசையில் ஒரு துவக்குக் குழலைப் போட்டார்.

"உங்கட ஆக்களிட்ட பிடிச்சது. ரவைக்கு மெழுகு பூசிச் சுட்டிருக்கானுகள். அப்படியும் தேஞ்சு போச்சு. சோறு காய்ச்சினவனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

வில்வராசா குழலை எடுத்து, ரவை ஏறும் பக்கத்தைக் கண்ணில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தான்.

"ரவை உரசினது கொஞ்சம்தான் ஐயா. மருந்து எரியிற சூடுதான் இந்த வாசலத் திண்டிருக்கு. ஆறவிடாமச் சுட்டிருக்காங்க. மெழுகு உரசலக் குறைக்கும், நெருப்ப என்ன செய்யும்?"

"நல்ல குசினிடா உன்ட குசினி!" அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார்.

தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. பயம்கூட வரவில்லை. அதிகாரி குசினிக்காரன் என்று எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

"என்ன வேலை?"

"துவக்குத் திருத்துறது."

மகளைப் பார்க்க இனி எத்தனை வருஷம் செல்லும் என்று கேட்க வாயெடுத்தான். கேட்கவில்லை.