பல்லடத்துக் கோழியும் நகராத ஒரு சொட்டு ஆக்டினும்

கோழிக்கறி வாங்க ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோவையிலிருந்து பல்லடம் போகிறவர் உண்டா? நான் போனேன், போன மாசியில் ஒரு வியாழக்கிழமை அதிகாலை. நான் ஆராய்ச்சி மாணவி. நம் செல்களுக்குள் ஆக்டின் என்ற புரதம் மெல்லிய நூலாக நீள்கிறது. செல் வடிவம் கொள்வதும் ஊர்ந்து நகர்வதும் பெரும்பாலும் அந்த நூல்களால்தான். அவை தம்மிஷ்டத்துக்கு நீள முடியாது. நுனியில் மூடி போட்டு நிறுத்த ஒரு புரதம், வெட்ட ஒரு புரதம் என்று மேய்க்க ஆட்கள் இருக்கிறார்கள். நூல்களைக் குறுக்கே பிணைத்து வலையாக்குகிறவர் ஃபிலமின். எனக்கு வேண்டியவர் அவர்தான்.

கோழியின் தீனியை அரைக்கும் தசைப்பையில் ஃபிலமின் ஏராளம். உள்ளூரில் வாங்கிய தசைப்பையிலிருந்து இரண்டு முறை பிரித்தேன். இரண்டு முறையும் துண்டு துண்டாகத்தான் வந்தது. அறுத்து நேரமானால் தசையிலுள்ள நொதிகளே அதை நறுக்கிவிடும். "இன்னொரு தடவை பாரும்மா. வரலைன்னா ஆய்வுத் தலைப்பை மாத்திடலாம்" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு! அறுத்த சூட்டிலேயே ஐஸில் போட்டாக வேண்டும். அதனால்தான் கோழிப் பண்ணைகள் சூழ்ந்த பல்லடம்.

சிங்காநல்லூரில் 5.40க்குத் தனியார் பஸ். சுமார் முப்பது கிலோமீட்டர், 27 ரூபாய், பாட்டுச் சத்தம் இலவசம். "பொட்டியில மீனுங்களா?" என்றார் கண்டக்டர். "வெறும் ஐஸுங்க" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். 6.35க்கு இறங்கி, பத்து நிமிடம் நடந்தால் செல்வி அக்காவின் கறிக்கடை. அக்கா பதினைந்து வருடம் திருப்பூர் பனியன் கம்பெனியில் தைத்தவர், இப்போது கணவரோடு கடை நடத்துகிறார். முந்தின நாளே போனில் சொல்லி வைத்திருந்தேன். போனதும் தட்டை நீட்டினார். அரைக் கிலோ தசைப்பை, மஞ்சள் மஞ்சளென்று மின்னியது.

"சுடுதண்ணில உப்பு, மஞ்சப் போட்டு நல்லா அலசி வெச்சிருக்கேன் கண்ணு. கவுச்சியே இருக்காது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுடுநீர் பட்ட புரதம் எதற்கு ஆகும்? ஆனால் தப்பு என்னுடையது. கழுவ வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆராய்ச்சிக்கு என்பதையே அப்போதுதான் சொன்னேன்.

"ஏங்கண்ணு, அப்ப ஆக்கித் திங்கறதுக்கு இல்லியா?" அக்கா திகைத்தார். "செரி, வெசனப்படாத. ஏழரைக்கு ஓட்டல் ஆர்டருக்கு அறுப்போம். பக்கத்துலயே நின்னு எடுத்துக்க."

காத்திருந்த நேரத்தில் ஆக்டின் நூலையும் அதைக் கட்டும் ஃபிலமினையும் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்கா ஒரு கேள்வி போட்டார்: "அந்தாளு கட்டிக்கிட்டே போனா செல்லு இறுகிப் போயிருமே. அப்பறம் எப்படி நவுரும்?"

துள்ளிவிட்டேன். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் வர வேண்டிய கேள்வி, கறிக்கடையில் வந்துவிட்டது! "பழைய நூலை வெட்டறதுக்குக் கோஃபிலின்னு ஒண்ணு இருக்குக்கா. வெட்டி உதிர்ந்ததை வெச்சே முன்னாடி புது நூல் வளரும்."

"அப்படிச் சொல்லு. பின்னால பிரிச்சாத்தான் முன்னால போக முடியும்."

இதை எழுத எனக்கு ஆய்வேட்டில் நான்கு பக்கம் ஆனது.

7.35க்கு அறுத்தார்கள். கை சுடச் சுட வாங்கி, கழுவாமல் நேராக ஐஸுக்குள். 300 கிராம், 60 ரூபாய். 9.10க்கு ஆய்வகத்தில் இருந்தேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: மூன்று கிலோ ஐஸ் போதும். ஞாயிறு வேண்டாம், கூட்டம் தாங்காது. "கழுவாதீங்க" என்று போனில் இரண்டு தடவையாவது சொல்லுங்கள். கடைக்காரர் கேள்வி கேட்டால் அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள், நமக்கே விஷயம் தெளிவாகும்.

ஆறு நாள் கழித்து ஃபிலமின் உடையாமல் முழுசாக வந்தது. நூலாகியிருந்த ஆக்டின் கரைசலில் அதைச் சேர்த்து, கொஞ்ச நேரம் விட்டு, சின்னக் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். தனி ஆக்டின் என்றால் வழிந்து ஓடும். இது அசையவில்லை! பேராசிரியர் குழாயை வாங்கினார், மறுபடி கவிழ்த்தார், விரலால் சுண்டியும் பார்த்தார்.

"தலைப்பு அப்படியே இருக்கட்டும்" என்றார்.