பின்சீட்டில் அப்பா

அப்பா இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன் என்று. உண்மைதான். பட்டாளத்தில் அத்தனை வருஷம் இருந்தவர், அதைப் பற்றி எங்களிடம் சொன்னதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டைகூட நிரம்பாது. லாரி ஓட்டினேன், மலையில் குளிர் அதிகம், சப்பாத்தி நன்றாக இருக்காது. இவ்வளவுதான். உங்கப்பா எத்தனை பேரைச் சுட்டார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் நான் திருதிருவென்று விழிப்பேன். பட்டாளத்துக்காரர் மகளுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

கார்கில் சண்டை நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா ஓய்வு பெற்று வந்து, குரும்பலூர்ப் பக்கம் எங்கள் நிலத்தில் சின்ன வெங்காயமும் பருத்தியும் போட ஆரம்பித்திருந்தார். ஓய்வில் வந்தவர்களையும் திரும்பக் கூப்பிடப் போகிறார்களாம் என்று டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியது. அம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து நிஜமா என்று கேட்டாள். கூப்பிட்டால் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு அப்பா படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மொபெட்டைத் தள்ளிக்கொண்டு அம்மாவையும் என்னையும் ஏரிக்குக் கூட்டிப் போனார். தண்ணீர் வற்றி, ஏரி வெறும் தரையாகக் கிடந்தது. அம்மாவை வண்டியில் உட்காரச் சொன்னார். அவள் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. முதல் நாளே வண்டி நேராகக் கருவேலம் புதருக்குள் போய்த்தான் நின்றது. அப்பா பதறவில்லை, திட்டவும் இல்லை. அம்மாவின் கையில் ஏறிய முட்களை ஊக்கால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மறுபடியும் ஏறச் சொன்னார். "சக்கரத்தைப் பாக்காத. போற எடத்தைப் பாரு" என்பது மட்டும்தான் அவர் நடத்திய பாடம்.

அடுத்த வீட்டில் இருந்த அத்தைக்கு இது துளியும் பிடிக்கவில்லை. பொம்பளைக்கு எதற்கு வண்டி, ஊரில் பஸ்ஸா இல்லை என்று வாசலில் நின்று அண்ணனைக் கேட்டாள். அப்பா சிரித்தார். அவர் சிரித்துவிட்டால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க முடியாது.

வண்டியோடு நிற்கவில்லை. கிணற்று மோட்டாரை எப்படிப் போடுவது, பூச்சி மருந்தை எவ்வளவு கலப்பது, விதை வெங்காயத்தில் அழுகலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒவ்வொன்றாக அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார். எனக்கு ஒரே குஷி. என்னைப் போலவே அம்மாவும் பாடம் படிக்கிறாள், தப்புத் தப்பாகச் செய்கிறாள்!

ஒருநாள் அம்மா காலை ஊன்றாமல் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நான் கைதட்டினேன். அவள் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலேயே அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்க போறதுக்காகத்தான் இதெல்லாம் சொல்லித் தரீங்கன்னா, எனக்கு வேணாங்க."

அப்பா துண்டால் வண்டியின் விளக்கைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "புள்ளைக்கு ஜன்னி வந்தப்ப நீ ஒத்தையில பஸ்ஸுக்கு நின்னல்ல. இனிமே அப்படி நிக்கக் கூடாது."

நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது அது. அப்பா எங்கோ மலையில் இருந்தார். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் வராமல், வெட்டி வெட்டி இழுக்கும் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா ரோட்டில் நின்றிருக்கிறாள். கடைசியில் ஒரு டிராக்டர்காரர்தான் ஏற்றிக்கொண்டு போனாராம். நான் தேறி, சோறு தின்ன ஆரம்பித்த பிறகுதான் அப்பாவுக்குச் சேதியே போயிருக்கிறது. அத்தனை வருஷமும் அதை மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார் பாவம். ஆனால் அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். அப்பா சண்டைக்குப் போகிறார்! பள்ளிக்கூடத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லி முடித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா என்னை ஏற்றிக்கொண்டு சிறுவாச்சூர் காளியம்மன் கோயிலுக்கு வண்டியை விட்டாள். மெயின் ரோட்டில் லாரிகள் உரசிக்கொண்டு போக, வாய்க்குள் அம்மனைக் கூப்பிட்டபடியே ஓட்டினாள். அந்தக் கோயிலுக்கு மாவிளக்கு மாவை வீட்டிலிருந்து கொண்டுபோவதில்லை. அரிசியை அங்கேயே ஊறவைத்து, அங்கேயே உரலில் இடிப்பதுதான் வழக்கம். அம்மா வியர்க்க வியர்க்க இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து விளக்கேற்றினாள். அப்பா சொல்லிக்கொடுத்த வண்டியிலேயே வந்து, அவர் போகவே கூடாது என்று வேண்டிக்கொண்டாள். நானும் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு, சீக்கிரம் அவரை அனுப்பிவை தாயே என்று வேண்டிக்கொண்டேன். ஒரே விளக்குக்கு இரண்டு வேண்டுதல். அம்மன் பாடு திண்டாட்டமாகத்தான் இருந்திருக்கும்.

அம்மன் அம்மா பக்கம் சாய்ந்துவிட்டாள். சண்டை முடிந்தது. அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. ரேடியோவில் செய்தி கேட்ட அம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள். நல்ல சேதிக்கு எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது என்ற கவலையில் நானும் கொஞ்சம் அழுதேன்.

அடுத்த சந்தைக்கு மூன்று பேரும் பெரம்பலூர் கிளம்பினோம். அப்பா ஓட்டுவார் என்று நான் முன்னால் ஏறி நின்றுகொண்டேன். அவர் வண்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் விடுவாரா? மலையில் லாரி ஓட்டியவர் பொண்டாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறாரே என்று சத்தமாகவே கேட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு மானம் போனது.

"ஏம்ப்பா, நீங்க ஓட்டினா என்ன?" என்று திரும்பிக் கேட்டேன்.

"அம்மா ஓட்டட்டும்மா. நான்தான் கூடவே இருக்கேனே" என்றார்.

கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று. பட்டாளத்தில் இருந்த மனுஷருக்கு ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியவில்லையே என்று கோபித்துக்கொண்டு, பெரம்பலூர் போய்ச் சேரும்வரை அவரோடு நான் பேசவே இல்லை.