புல் திணித்த சக்கரம்

கணவன் இறந்த பிறகு அவள் டிராக்டரை விற்கவில்லை, தானே ஓட்டினாள். அதற்காகத்தான் ஊர் அவளுக்கு ‘ஸ்டியரிங்’ என்று பெயர் வைத்தது. கேலிக்கு வைத்த பெயர்தான். கூப்பிட்டால் “என்ன?” என்று சாதாரணமாகத் திரும்பிப் பார்ப்பாள். கேலி செய்தவர்களுக்குச் சப்பென்று போய்விடும்.

கணவனின் அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. கடைவீதியில் சிமெண்டுக் கடை வைத்திருந்தவர். “பொம்பளை வண்டி ஓட்டுனா நாலு பேர் என்னைத்தான் கேக்குறாங்க. வித்துடு” என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அவருடைய கூடப்பிறந்த தங்கையோ அண்ணி பக்கம். கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள், டிரெய்லரில் சுமை ஏற்றவும் இறக்கவும் அண்ணியோடு போய்க்கொண்டிருந்தாள்.

அன்று ஒரு பெரியவரின் வயலில் மக்காச்சோளம் அறுத்துக் குவித்துக் கிடந்தது. மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. முதல் லோடை ஏற்றி வண்டியை எடுத்ததும் முன்சக்கரம் தொய்ந்து உட்கார்ந்தது. மண்ணில் புதைந்து கிடந்த உடைந்த கலப்பைக் கொழு டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. உள்ளே டியூப் நார் நாராய்ப் போயிருந்தது.

பஞ்சர் கடைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் மென்று விழுங்கினார்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க வண்டிக்கு மட்டும் போகக் கூடாதுன்னு சிமெண்டுக் கடை அண்ணன் சொல்லியிருக்காரு. கடை அவரு கட்டடத்துல இருக்கு.”

“சரி” என்று போனை வைத்தாள். முகம் சிவந்திருந்தது. அழப்போகிறாள் என்று நாத்தனார் நினைத்தாள். அவள் ஜாக்கியை எடுத்தாள்.

“அண்ணி, டியூப்பே இல்லாம எப்படி?”

“காத்துதானே இல்ல? புல்லு இருக்கு.”

சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப் போட்டு, கடப்பாரையை நுழைத்து, இரண்டு பேரும் ஏறி மிதித்து டயரை விளிம்பிலிருந்து பிரித்தார்கள். டிரெய்லரின் பின்னால் சேறு அடிக்காமல் இருக்கத் தொங்கவிட்டிருந்த பழைய டயர்த் துண்டை அறுத்து, கிழிசலுக்கு உட்புறம் முட்டுக் கொடுத்தாள். அதன்மேல் கிழிந்த சாக்குகள். சாக்குக்கு மேல் வரப்பில் காய்ந்து கிடந்த புல். கட்டையால் இடித்து இடித்துத் திணித்தார்கள். நாத்தனாருக்கு விரல் நசுங்கியது.

“என் அண்ணனை நினைச்சு இடிக்கிறேன், அண்ணி. நல்லா இறங்குது” என்றாள் அவள், விரலை வாயில் வைத்துக்கொண்டே.

சக்கரத்தை மாட்டி வண்டியை நகர்த்தியபோது முன்பக்கம் லேசாக நொண்டியது. கிழிசல் வழியே புல் தாடிபோல நீட்டிக்கொண்டிருந்தது.

“பின்சந்து வழியா போயிடும்மா. கடைவீதியில சிரிப்பாங்க” என்றார் சோளத்துக்குச் சொந்தக்காரரான பெரியவர்.

“சிரிக்கட்டும். சிரிச்சா டயர் இறங்கிடாதுல்ல.”

கடைவீதி நடுவே ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டினாள். சிரித்தார்கள்தான். சிமெண்டுக் கடை முன்னால் அண்ணன் வழிமறித்து நின்றார். அவள் வண்டியை நிறுத்தினாள், இறங்கவில்லை.

“புல்லடைச்ச டயர வச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் போயிடுவே?”

“குடோன் வரைக்கும், மாமா.”

“அப்புறம்?”

“திரும்பி வருவேன். இன்னும் ஒரு லோடு கிடக்கு. அப்பவும் இந்த வழிதான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் சோளத்தின்மேல் உட்கார்ந்து வீங்கிய விரலை ஊதிக்கொண்டிருந்தாள். அவர் ஒதுங்கினார்.

இரண்டாவது லோடு குடோனுக்குள் நுழையும்போது தூறல் போட்டது. சோளம் நனையவில்லை. டயர் மட்டும் அதோடு முடிந்தது. புல் மாவாகிப்போய், இரும்பு விளிம்பு ரப்பரைக் கடித்துத் துப்பியிருந்தது.

மறுநாள் காலை அவள் வெறும் சக்கரத்தைப் பார்த்தபடி குடோன் வாசலில் நின்றபோது, பஞ்சர் கடைக்காரர் பழைய டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

“கட்டடக்காரர்கிட்ட கேட்டுட்டு வந்தியா?”

“கேக்கலக்கா. கேட்டா விடமாட்டாரு.”

“கடையை விட்டுத் துரத்துனா?”

“துரத்தட்டும். வேற இடமா இல்ல?”

அவள் நகர்ந்து வழிவிட்டாள். “ஜாக்கி அந்தப் பக்கம் கிடக்கு, எடு. பதினோரு மணிக்கு எனக்கு உழவு இருக்கு.”