மிச்சம் மேடம்

புதுச் செய்முறை எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார். எவ்வளவு மருந்து கிடைக்கும் என்பது அங்கே இருக்காது; சாக்கடைக்கும் சூளைக்கும் என்ன போகும் என்பதுதான் இருக்கும். "மிச்சம் என்னப்பா?" என்பார். மருந்துச் சரக்கைத் தயாரிக்கும் முறைகளை வகுப்பது அவர் வேலை. வலி மாத்திரை செய்யும் அந்தத் தொழிற்சாலையில் மிச்சம் மேடம் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

வீட்டிலும் விடுவதில்லை. சமையல் கணவர் பொறுப்பு. அடுப்படியை எட்டிப் பார்த்து, "இதை ஒரே பாத்திரத்துல முடிச்சிருக்கலாமே" என்பார். "கழுவப்போறது நான்தானே, நீ போய் உட்காரு" என்று கணவர் விரட்டுவார். போவார். பாத்திரங்களை எண்ணிவிட்டுத்தான் போவார்.

சரக்கைக் கரைக்க அங்கே வருஷக்கணக்காக ஒரு கரைப்பானை ஊற்றிவந்தார்கள். நெடி மண்டையைப் பிளக்கும். வேலை முடிந்தவர்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டே பஸ் ஏறுவார்கள். மீந்ததைச் சூளையில் எரிப்பார்கள். அதற்குப் பதில் தண்ணீர் போதும் என்றார் மேடம். இது தண்ணீரில் கரையவே கரையாதே என்று சிரித்தார்கள். கரைய வேண்டாம், வேதிவினை நடந்தால் சரி என்றவர், ஆய்வுக்கூடக் குடுவையில் நடத்தியும் காட்டினார்.

பெரிய கலனில் அது காலை வாரியது. சரக்கு கட்டி கட்டியாகத் திரண்டு அடியில் தார் மாதிரி அப்பிக்கொண்டது. உற்பத்தி மேலாளர் கத்தவில்லை. இன்னும் ஒரே தடவை, அதுவும் சொதப்பினால் பழைய முறைதான் என்று சொல்லிவிட்டுப் போனார். மேடம் வெளியே அள்ளிப் போட்ட கட்டிகளை ஆட்களோடு உட்கார்ந்து உடைத்தார். பாதியில் கை நின்றது. கட்டியின் மேலே பிசுபிசுப்பு; உள்ளே ஈரமே படாத பொடி. அவசர அவசரமாகக் கொட்டியதுதான் வினையாகியிருக்கிறது.

அடுத்த தடவை பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவச் சொன்னார். பகல் முழுக்கக் கலனை விட்டு நகரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டவர்களுக்குக் கையை மட்டும் ஆட்டினார். சாயங்காலம் சரக்கு வெள்ளை வெளேரென்று உதிரி உதிரியாக இறங்கியது. மேலாளர் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இனிமே இதுதான்" என்றார்.

வடிகட்டும் பிரிவில் பல வருஷமாக நிற்கும் ஆபரேட்டர், முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"வாசனையே இல்ல மேடம். தலையும் வலிக்கல."

மேடம் சிரித்தார். "காத்தை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிருக்கேன். ரிசல்ட் வரட்டும்" என்றபடி, ஒரு விரலால் அந்த முகமூடியை மேலே ஏற்றி, ஆபரேட்டரின் மூக்கின்மேல் படிய அழுத்திவிட்டார்.