மீனலோசினியின் கறுப்புத் திரை

மீனலோசினி பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சங்கரன்கோவிலில் தெற்கு ரத வீதியிலிருந்து பிரியும் சந்தில் வீடு. கணவர் சங்கரகணேஷ் காலையில் கோயிலுக்குப் போனால் அங்கே நாலு பேரிடம் பேசி முடித்து வர மதியமாகிவிடும். அதுவரை அவளுக்குத் துணை மகன் விட்டுப்போன லேப்டாப்தான்.

அதிலிருந்த விண்டோஸுக்கு இனிமேல் அப்டேட் கிடையாது என்று ஒரு அறிவிப்பு வர ஆரம்பித்தது. மூடினாலும் மறுநாள் வந்து நிற்கும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் கடையநல்லூர்க்காரர் அல் அமீனிடம் கொண்டுபோனாள்.

“புதுசு வாங்காண்டாம் மேடம். மெஷின் நல்லாத்தான் இருக்கு. லினக்ஸ் போட்டுத் தாரேன். கை பழகுத வரைக்கும் கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான்.”

போட்டுத் தந்தார். பெரிய தடுமாற்றம் எதுவும் இல்லை. பிரிண்டர் மட்டும் அசைவேனா என்று கிடந்தது. போன் செய்தாள்.

“டெர்மினல்னு ஒண்ணு இருக்கும், அதத் தொறங்க. நான் சொல்லுதத அப்படியே அடிங்க. பயப்படாதீங்க.”

கறுப்பாக ஒரு ஜன்னல் திறந்தது. அதில் ஒரு டாலர் குறி, பக்கத்தில் மினுங்கும் ஒரு சிறு கட்டம். அல் அமீன் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் அவள் விரல்கள் ls என்று அடித்து என்டரையும் தட்டிவிட்டன. ஃபைல்களின் பெயர்கள் பொலபொலவென்று வந்து விழுந்தன.

“தம்பி, இது எங்க யுனிக்ஸ்லா!”

“அதுக்கு ஒரு வகையில சொந்தந்தான் மேடம். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பாங்குல இதுலதான் வேல பாத்தோம். ரெண்டு மூணுதான் தெரியும். மிச்சத்த நீங்க சொல்லுங்க.”

மிச்சமெல்லாம் அவளுக்குப் புதிது. பாஸ்வேர்டு அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. விழவில்லையோ என்று மேலும் மேலும் அடித்தாள். “கண்ணுக்குத் தெரியாது, ஆனா விழும் மேடம்” என்று அல் அமீன் சிரித்தார். கடைசியில் பிரிண்டர் ஒரு முக்கல் முக்கித் தாளை இழுத்தது. போனை வைத்துவிட்டாள். அந்த ஜன்னலை மூட மட்டும் மனம் வரவில்லை.

தொண்ணூறுகளில் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, பெரிய மெஷினுக்கென்று கண்ணாடித் தடுப்புப் போட்டு ஏசி வைத்தார்கள். உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். சித்திரை வெயிலில் எல்லாருக்கும் அந்த அறையில் ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். ஹாலில் ஆளுக்கொரு டெர்மினல், பச்சை எழுத்து. சரஸ்வதி பூஜைக்கு ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம் வைத்தார்கள்.

பொருத்த வந்த எஞ்சினியர் சௌந்தரபாண்டியன் பேச்சுவாக்கில் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டார். who என்று அடித்தால் யார் யார் மெஷினில் இருக்கிறார்கள் என்று காட்டும். write என்று அடித்து ஒருவர் பெயரைப் போட்டால், நாம் எழுதுவது அவர் திரையில் போய் விழும். கம்பிக்கூண்டுக்குள் இருந்த கேஷியர் சுயம்புலிங்கத்துக்கு அது போதும்.

‘டீ வந்தாச்சு மீனா’ என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்து அவள் கணக்குத் திரைக்குக் குறுக்கே விழும். எல்லாம் குழம்பிப்போகும். ‘முன்னால நிக்கவர் முறைக்காரு, கொஞ்சம் சிரிச்சு வையி’ என்று இன்னொன்று. ஒருநாள் பெயரை மாற்றிப் போட்டுவிட்டார். ‘மேனேஜர் தூங்குதாரு, ஸ்டாம்ப மெதுவாக் குத்து’ என்பது மேனேஜர் திரையிலேயே போய் விழுந்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“யாரு வே அது? கண்ண மூடித்தான் இருந்தேன், தூங்கல!”

டோக்கனோடு நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள்.

பிறகு விண்டோஸ் வந்தது. பச்சைத் திரைகளை லாரியில் ஏற்றிப் போனார்கள். சுயம்புலிங்கம் ஓய்வு பெற்று இளையரசனேந்தலுக்குப் போனார். அவள் கோவில்பட்டி, ராஜபாளையம் என்று மாறி மாறிச் சுற்றினாள்.

இப்போது அதே who-வை அடித்துப் பார்த்தாள். ஒரே ஒரு வரி வந்தது. அவள் பெயர் மட்டும்.

பிறகு இளையரசனேந்தலுக்குப் போன் போட்டாள். சுயம்புலிங்கத்தின் மருமகள் லட்சுமிப்ரியா எடுத்தாள்.

“மாமாவுக்கு இப்ப காது சுத்தமாக் கேக்காது மேடம். மிஷின் வாங்கிக் குடுத்தோம், இரைச்சலா இருக்குன்னு கழத்தி வச்சிட்டாங்க. எங்க அத்தை தவறினதுக்கு அப்புறம் யார்ட்டயும் பேச்சும் இல்ல.”

“போன்ல எழுதிக் காட்டலாம்லா?”

“எழுத்து பொடியா இருக்குன்னு தள்ளி வச்சிருதாங்க.”

மீனலோசினி அல் அமீனிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். சங்கரகணேஷின் பழைய லேப்டாப்பிலும் லினக்ஸ் போட்டு, பாங்கில் போலவே இருவரும் ஒரே மெஷினில் இருக்கும்படி, அதிலிருந்து தன் லேப்டாப்புக்குள் நுழைய வழி செய்தாள். சுயம்புலிங்கம் பெயரில் ஒரு கணக்குத் திறந்தாள். எங்கோ ஒரு எழுத்து பிசகி, முதலிலிருந்து ஆரம்பித்ததும் உண்டு. திரை எழுத்தைக் கொட்டைப்பாக்கு அளவுக்குப் பெரிதாக்கி வைத்தாள்.

மருமகளிடம் சொல்லி வரவழைத்தாள். ஒரு வியாழக்கிழமை சுயம்புலிங்கம் பஸ்ஸில் வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் அவரை உட்காரவைத்து, மறுமுனையில் அவள் உட்கார்ந்து அடித்தாள்.

‘டீ குடிக்கேளா அண்ணாச்சி?’

கறுப்புத் திரையில் எழுத்து விழுந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தினார்.

‘சீனி கம்மியா. உன் வீட்டு மேனேஜர் எங்க?’

‘கோயிலுக்குப் போயிருக்காரு.’

டீ வந்தது. பழைய ஆட்களை ஒவ்வொருவராகத் திரையிலேயே விசாரித்தார். பிறகு எழுதினார்: ‘காது போனதுலேர்ந்து எல்லாரும் எங்கிட்ட கத்துதாங்க மீனா. நல்ல வார்த்தகூட ஏசுத மாதிரி இருக்கு. நீ கத்தாம பேசுத.’

அவள் பதில் அடிக்கப் போனாள். அதற்குள் அவர் விரல் மறுபடி தேட ஆரம்பித்திருந்தது. வெகுநேரம் தேடியது.

‘வீட்டுக்காரி நெல்லையம்மா கடைசி நேரத்துல என்னமோ சொன்னா. கேக்கல. என்னன்னு கேட்டேன். சிரிச்சா. அவ்வளவுதான். பிள்ளைங்ககிட்ட சொல்லல.’

கோயிலிலிருந்து வந்த சங்கரகணேஷ் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, திருநீற்றை அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் போன பிறகு மீனலோசினி அடித்தாள்:

‘இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணாச்சி.’

அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். பிறகு அன்று முதல்முறையாக வாய் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்:

“என்ன கொழம்பு?”

‘சொதி’ என்று அடித்துவிட்டு அவள் எழுந்து இலை எடுக்கப் போனாள்.