பதினோரு இடத்தில் ஒரே பெயர்

நூலின் ஒரு முனை பல்லுக்கிடையில் இறுகியிருந்தது. மறுமுனை அம்புத்தண்டில் ஏறிக்கொண்டிருந்தது. வலது கை தண்டை உருட்டியது. இடது கைக் கட்டைவிரல், இறகின் நரம்பைத் தண்டோடு அழுத்திப் பிடித்திருந்தது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே நகம் நுழைய இடமில்லை. பதினெட்டாவது சுற்றில் நூலை மடக்கி, அதன் அடியிலேயே சொருகி இழுத்து, மிச்சத்தைப் பிளேடால் அறுத்த பிறகுதான் கைகள் ஓய்ந்தன.

ஓர் அம்புக்கு மூன்று இறகு. மூன்றும் வான்கோழியின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வந்திருக்கவேண்டும். வலமும் இடமும் கலந்தால் அம்பு போகிற வழியில் தலையை ஆட்டும். இதை யாரும் சொல்லித்தரவில்லை. முதலில் செய்த ஆறு அம்புகளும் தலையை ஆட்டிக்கொண்டு போய் ஏரித் தண்ணீரில் விழுந்தபோது தெரிந்துகொண்டதுதான்.

"எத்தினி ஆச்சு?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"இருவத்தி மூணு."

"இன்னும் ஒண்ணு. அப்பறம்?"

அவன் முடித்த அம்பை ஓரமாக வைத்தான். அடுத்த தண்டை எடுத்துக்கொண்டான்.

செபாஸ்டியன் ரயில் பெட்டிகள் கட்டும் ஒரு பட்டறையில் தச்சன். அம்பத்தூர் ஏரிக்குக் கிழக்கே ஓட்டு வீடு. விடியும்போதே ரயிலைப் பிடித்தால் சங்கு ஊதுவதற்குள் பட்டறை வாசலில் நிற்கலாம். ஜன்னல் சட்டமும் கதவும்தான் அவனுடைய வேலை. அவன் கையிலிருந்து போன கதவு மழைக்காலத்தில் பிடிக்காது, வெயில்காலத்தில் ஆடாது என்று பெயர் வாங்கியிருந்தான். அந்தப் பெயர்தான் அவனை வில் அம்பு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது.

அவன் பகுதிக்கு போர்மன் பெல்லமி துரை. சட்டைக்காரத் துரைதான், ஆங்கிலோ இந்தியர்; பிறந்து வளர்ந்தது பெரம்பூர். பட்டறை ஆட்கள் பேசுகிற தமிழைத்தான் அவரும் பேசுவார். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பத்திரிகையை அந்த ஆடி மாதம் செபாஸ்டியன் முன்னால் விரித்தார். படத்தில் ஒருவன் கையில் வில்லோடு, செத்துக் கிடந்த மானுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"துப்பாக்கியில சுடறது இன்னா மேன் பெரிசு? இருநூறு கஜத்துல நின்னு விசைய இழுத்தா ஆச்சு. இதுக்கு இருவது கஜம் கிட்டப் போவணும். நீ மூச்சு உடறது அதுக்குக் கேக்கக்கூடாது. இந்த மாதிரி ஒண்ணு செஞ்சு குடு."

துரைக்குத் தெரிந்த காடுகளிலெல்லாம் துப்பாக்கிக்காரர்கள் முன்பே எழுதிப் போட்டு இடம் பிடித்திருந்தார்கள். அதனால் மைசூர் சமஸ்தானத்துக் காடு என்று முடிவாயிற்று. சர்க்கார் காடுதான். லைசென்ஸ் வாங்கினால் வெளியூர்க்காரனும் உள்ளே போகலாம். கொம்பு முற்றிய ஆண் புள்ளிமான் ஒன்று மட்டும் அடிக்கலாம், பெட்டை மேல் கை வைக்கக்கூடாது. டிசம்பர் முதல் தேதியிலிருந்து பதினைந்து நாள்.

செபாஸ்டியனின் கையெழுத்து அச்சடித்தாற்போல இருக்கும் என்பதால் விண்ணப்பத்தையும் அவனையே நிரப்பச் சொன்னார். 'துப்பாக்கியின் வகை' என்ற இடத்தில் அவன் 'வில், நீளம் ஐந்தரை அடி' என்று எழுதினான். மைசூரிலிருந்து அது அப்படியே திரும்பி வந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. இரண்டு கடிதம் போய், இரண்டு கடிதம் வந்த பிறகுதான் லைசென்ஸ் வந்தது. கூட ஒரு ஆளை அழைத்துப்போகலாம் என்று அதில் கண்டிருந்தது. அதைச் செபாஸ்டியன் படித்தான். தனக்கு அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்து மடித்து வைத்தான்.

பிசகு நடந்தது அதற்கடுத்த வாரம்.

பயணத்துக்கு வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரும்படி துரை கேட்டார். செபாஸ்டியன் பட்டறைக்கு எழுதுகிற மாதிரியே எழுதினான். வில் ஒன்று. மாற்று வில் ஒன்று. நாண் ஆறு. அம்பு பன்னிரண்டு. அம்பறாத்தூணி ஒன்று. அம்பு முனை இருபது. அரக்கு, மெழுகு, நூல் வைக்கிற பெட்டி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கச் சலித்த சாம்பல் ஒரு பை. பெங்களூருக்கு எந்த வண்டி, அங்கிருந்து மைசூருக்கு எந்த வண்டி, காட்டோரத்துக்கு எந்த பஸ் என்ற விவரம்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கதவு போகிறதென்றால், அதன் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் செய்தவன் பெயரைப் பென்சிலில் எழுதவேண்டும். நாளைக்கு ஏதாவது கோளாறு என்று திரும்பி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியவேண்டுமல்லவா? பதினாறு வருஷமாக அப்படியே எழுதிப் பழகிய கை. தான் செய்ததற்கும் தான் விசாரித்ததற்கும் நேரே, எதையும் யோசிக்காமல், 'செபாஸ்டியன்' என்று எழுதிக்கொண்டே போயிற்று.

துரை தாளைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பதினோரு எடம் மேன். பதினோரு எடத்துலயும் நீயே பேர் போட்டுக்கினு கீறே. நான் எப்படிக் கேக்கறதுன்னு இருந்தேன். காட்டுல வில்லு எனக்கு, மத்த எல்லாம் உன் பொறுப்பு. லீவு நானே எழுதிடறேன்."

செபாஸ்டியன் வாயைத் திறந்தான். அந்த வருஷம் ஆள்குறைப்பு என்ற பேச்சு பட்டறை முழுக்க அடிபட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு பட்டியல் தயாராகிறது என்றும், ஒவ்வொரு போர்மனும் பத்துப் பெயர் தரவேண்டும் என்றும் சொன்னார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

அவன் மனைவி லூர்தம்மாளுக்குப் பிரசவம் டிசம்பர் இரண்டாவது வாரம்.

ஒரு வார்த்தை சொன்னால் துரை விட்டுவிடுவார். கெட்ட மனுஷர் இல்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல முடியாது. முதல் தடவை மூன்றாம் மாதத்திலேயே பட்டறையில் சொல்லிவிட்டான். ஆளுக்கொரு தேக்குத் துண்டு கொண்டுவந்து கொடுத்து, மதியச் சாப்பாட்டு வேளையில் சேர்ந்து உட்கார்ந்து தொட்டில் செய்து கொடுத்தார்கள். அது வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் எல்லாம் போயிற்று. இரண்டாம் தடவை பட்டறைக் கூட்டாளி மணவாளனிடம் மட்டும் சொன்னான். ஏழாம் மாதத்தில் அதுவும் போயிற்று. இந்தத் தடவை லூர்தம்மாள் அவன் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, "பொறந்து அழுவற வரிக்கும் உங்க வாயால யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். நாலாம் மாதம் வயிறு தெரிய ஆரம்பித்ததும் மாதா கோயில் பூசைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். தண்ணீர் எடுக்க அவன்தான் போனான். மருத்துவச்சி கன்னியம்மா ஒருத்திக்குத்தான் தெரியும்.

ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த மணவாளன் சும்மா இருக்கவில்லை. அவன் அதே பட்டறையில் இரும்பு வேலை பார்க்கும் பிட்டர்.

"இன்னா மச்சான், மைசூர் மகாராசா ஊட்டுக்கு விருந்தாளியாப் போறியாமே? எங்களயெல்லாம் ஞாபகம் வச்சிக்குவியா?"

"நீ போறியா எனக்குப் பதிலா?"

"நானா? எனக்கு வில்லுல எந்தப் பக்கம் முன்பக்கம்னே தெரியாது. நான் மானப் பாத்ததே கம்பிக்கு அந்தாண்டதான்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "ஏன் மச்சான், போவப் புடிக்கலியா? துரை கூடப் போறவன் பேரு அந்த லிஸ்ட்ல வராது. யோசிச்சுக்க."

செபாஸ்டியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வழியெல்லாம் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

வாயால் முடியாததைக் கையால் செய்யப் பார்த்தான். அம்பு உடைந்தால் ஒட்டத்தானே ஆள்? இன்னும் பன்னிரண்டு செய்துவிட்டால் உடைந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம். துரையிடம் சொன்னான்.

"பேஷ். அப்ப இன்னொரு பெட்டி. நீ பாத்துத் தூக்கினு வா."

வில்லின் மூங்கில் பட்டைகளை வஜ்ரப் பசை காய்ச்சி ஒட்டியிருந்தான். பனியில் ஒட்டு விட்டால் யார் பார்ப்பது என்று துரை கேட்டார். ஒட்டின் மேல் நெருக்கமாக நூல் சுற்றி, அரக்குப் பூசினான். அந்த ஐப்பசி ஈரத்தில் அது காயாததால் அடுப்பு மேட்டருகே கட்டித் தொங்கவிட்டு எட்டு நாள் காத்திருந்தான். துரை அதை ஒரு மணி நேரம் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்து, எடுத்து வளைத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"இந்த மாதிரிக் கை இல்லாம நான் காட்டுக்குப் போவேனா மேன்?" என்று அவன் தோளில் தட்டினார்.

அன்றைக்குத்தான் செபாஸ்டியனுக்கு உறைத்தது. நன்றாகச் செய்யச் செய்ய முடிச்சு இறுகுகிறது. மோசமாகச் செய்து கொடுத்தால் துரையே வேறு ஆளைத் தேடிக்கொள்வார். ஒரு நாண் புரியை மட்டும் தளர்வாக விட்டால் போதும். ஒரு நாள் காலை அப்படிச் செய்தும் பார்த்தான். பாதி முறுக்கியதும் கை தானாகவே பிரித்து மறுபடி முறுக்கியது.

கடைசியாகப் படம் போட்டான். நாண் மாற்றுவது எப்படி, அரக்கை மெழுகுவத்தியில் இளக்கி முனையைப் பொருத்துவது எப்படி என்று ஒவ்வொரு படியாக, கையும் விரலும் தெரிய, மூன்று தாள். துரையின் தடித்த விரலுக்கு முடிச்சு வராது என்பதால் ஆறு நாணுக்கும் இரண்டு முனையிலும் கண்ணி போட்டே வைத்தான். மாட்டினால் போதும்.

"துரை கிட்ட நான் சொல்லவே மாட்டேன் லூர்து. ஆனா நான் போயிட்டு, அந்த நேரம் வந்துச்சுன்னா?"

லூர்தம்மாள் காக்கித் துணியில் வில்லுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்தவில்லை.

"கன்னியம்மா கீது."

"ரெண்டு வாட்டியும் கன்னியம்மா இருந்தாங்க. நானும் இருந்தேன்."

"அதத்தான் நானும் நெனச்சுக்கினு கீறேன்" என்றாள். 

புறப்பாட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரத்துக்குத் துரை அம்பத்தூர் வந்து இறங்கினார். மழை விட்டிருந்தது. ஏரிக்கரைச் சரிவில் வைக்கோல் திணித்த கோணிப்பையைச் சாய்த்து வைத்து, இருபத்தைந்து தப்படி அளந்து நின்றார்கள். துரை நாலு அம்பு விட்டார். இரண்டு கோணியில் பாய்ந்தன, ஒன்று கரையில் குத்தியது, ஒன்று தண்ணீருக்குப் போயிற்று. ஒன்றும் தலையை ஆட்டவில்லை.

"இப்ப நாண நீங்களே மாத்துங்க துரை" என்று செபாஸ்டியன் தாளை நீட்டினான்.

துரை தாளைப் புல்லின் மேல் வைத்து, மேலே ஒரு கல்லை வைத்துப் படத்தைப் பார்த்துப் பார்த்து, வில்லை முழங்காலுக்குப் பின்னால் கொடுத்து வளைத்துப் பழைய கண்ணியைக் கழற்றினார். புதுசை மாட்டினார். நேரம் பிடித்தது. ஆனால் மாட்டிவிட்டார். 

"பாத்தீங்களா துரை? நீங்களே மாத்திட்டீங்க. ஆளே வேணாம்."

"பக்கத்துல நீ நின்னேல்ல" என்றார் துரை. "அந்த தைரியந்தான்."

வீட்டுக்குத் திரும்பினார்கள். வாசலில் முருங்கை மரத்தடியில் கிடந்த பெஞ்சில் துரை உட்கார்ந்தார். செபாஸ்டியன் வில்லைத் துடைத்து, கதவிடுக்கு வழியாக உள்ளே லூர்தம்மாளிடம் கொடுத்தான். உறையில் போட்டுக் கதவோரமாக அவள் சாய்த்துவைக்க, அவன் எடுத்துக் கொடுப்பதாகப் பேச்சு. துரை சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து முழங்கால்மேல் விரித்தார்.

"செவ்வாக்கெழம காலைல சென்ட்ரல். டிக்கெட் எடுத்தாச்சு. உன் பெட்டிய நாளைக்கே பட்டறைக்குக் கொண்ணாந்துடு, மேன்."

"சரிங்க துரை" என்றான். அந்த வார்த்தை அவன் காதிலேயே விழுந்தது.

கதவு முழுசாகத் திறந்தது.

லூர்தம்மாள் வெளியே வந்தாள். ஐந்து மாதமாகப் பகலில் வாசற்படி தாண்டாதவள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, காக்கி உறையை இரண்டு கையிலும் ஏந்தி, ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து வந்தாள். முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை. உறை வயிற்றின் மேல்தான் கிடந்தது.

துரை எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். அவளைப் பார்த்தார். பிறகு செபாஸ்டியனைப் பார்த்தார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

"எப்ப?" என்று கேட்டார்.

 அவள்தான் சொன்னாள். "பன்னெண்டாந் தேதியிலேர்ந்து பதினஞ்சுக்குள்ளன்னு மருத்துவச்சி சொல்லிக்கீது."

"இவன் ஒரு வார்த்த கூட சொல்லலியே."

"நான்தான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். அவரு காப்பாத்திட்டாரு."

துரை கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். ஒவ்வொரு வரியாக, மேலிருந்து கீழ்வரை அவர் கண் இறங்குவது தெரிந்தது. பிறகு அதை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"நான் தனியாப் போயி, அங்க ராத்திரி பனியில நாண் அறுந்தா யாரு மேன் மாத்துவா?"

"நீங்கதான் துரை" என்றான் செபாஸ்டியன். "ரெண்டாவது தாள்ல படம் கீது."

லூர்தம்மாள் கையைத் தாழ்த்தவில்லை.  துரை இரண்டு எட்டு முன்னால் வந்து, இரண்டு கையாலும் வில்லை வாங்கிக்கொண்டார்.